நாகல்நகர் மாடி வீட்டுக்கு நான் வரமாட்டேன்

அப்பு,

நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கணும்னு அஞ்சாம் வகுப்பு வாத்தியார் சொல்லிக் குடுத்தாரு. அதோட என் படிப்பு நின்னு போச்சு. நான் நலமா இல்ல, அதனால அதை எழுதல. நீ நலமா இருப்ப, புது வீடு கிடைச்சிருக்கு. உன்கிட்ட நேர்ல பேசலாம்னா வாய் கோணிக்கிட்டு வருது, பாதியில அழுகை முந்திக்குது. எழுதுனா நான் நினைச்சதை நினைச்ச வரிசையில சொல்லலாம். எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்க. இந்தக் கடுதாசிய நீ ஒளிச்சு வைக்க வேண்டாம். திருப்பூர்ல இருக்கிற உன் அக்காவுக்கு வாசி. அந்த வீட்டுக்காரம்மாவுக்கு வாசி. உன் மாமனுக்கும் வாசி. ஊருக்கே வாசிச்சாலும் சரிதான். நான் யாருக்கும் தெரியாம எதையும் செஞ்சவ இல்ல.

திங்கக்கிழமை மத்தியானம் நான் ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தப்பத்தான் நீ போன் போட்ட. "அம்மா, வீடு கிடைச்சிருச்சு. நாம பாத்தோம்ல, அதே நாகல்நகர் மாடி வீடுதான். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சணும். நீ வந்துதான் அடுப்புல பாலை ஏத்தணும்"ன்ன. எனக்குச் சந்தோசம் ஒரு நிமிசம்தான். "யோசிச்சுச் சொல்றேன்னு போன வீட்டுக்காரம்மா இப்ப எப்பிடிரா தந்துச்சு?"ன்னு கேட்டேன். நீ முதல்ல அட்வான்ஸ் கணக்கைச் சொன்ன. அப்புறம், "மாமா வந்து சொன்னாரும்மா"ன்ன. "எந்த மாமா?" "எனக்கு எத்தன மாமாம்மா இருக்காரு?" அதுக்கு மேல எனக்குக் காது கேக்கல. போனை அணைக்கத் தெரியாம அப்பிடியே அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டேன். நீ திருப்பித் திருப்பிப் போட்டது பானைக்குள்ள கிணுகிணுன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

உனக்கு வீடு வேணும்ங்கிறது எனக்குத் தெரியாதா. அந்த ஸ்கேன் சென்டர்ல ராத்திரி டூட்டி முடிஞ்சு நீ வெளிய வர்றப்ப நம்ம ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும். நோயாளிக உக்கார்ற பெஞ்சில படுத்துத் தூங்கிட்டு, விடிஞ்சு இங்க வந்து குளிச்சு, சோத்தைத் தின்னுட்டு மறுபடி ஓடுவ. உன் கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருந்ததை நான்தான் எண்ணெய் போட்டு நீவி விட்டேன். சின்னாளப்பட்டியில ஒரு கட்டில் வாங்கி அந்த ஸ்கேன் ரூம்ல போட்டுக்கலாமான்னு கேட்டேன். நீ சிரிச்ச. "அம்மா, அது ஆஸ்பத்திரி மாதிரிம்மா, சத்திரம் இல்ல"ன்ன. சரி, வீடு பாப்போம்னு நான்தான் சொன்னேன். கூட ஒரு பெரிய மனுசி வந்தா நம்பிக்கை வரும்னு நான்தான் உன்கூடத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன்.

அன்னிக்குப் பட்டதை நான் மறக்கல. நீ மறந்திருப்ப, உனக்கு இளவயசு. முதல்ல பாத்த வீட்டுல ஒருத்தர் பனியனோட வந்து கேட்டைத் திறக்காமலே கேட்டாரு, "குடும்பமா, பேச்சிலரா?" நான் பக்கத்துல நிக்கிறேன், என்னைப் பாத்தா குடும்பம் மாதிரித் தெரியல போல. "பையன் மட்டும்தான்"னு சொன்னதும், "பேச்சிலருக்கு இல்லைங்க"ன்னு டூலெட் போர்டைக் கையோட திருப்பி வச்சாரு. அடுத்த வீட்டுல ஊர் எதுன்னு கேட்டு, தெரு எதுன்னு கேட்டு, சாமி எதுன்னு கேட்டு, கடைசியில என்ன ஆளுகன்னு கேட்டான். அவன் கேட்ட வரிசையிலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, எங்க வந்து நிப்பான்னு. "மாட்டுக்குத்தான்யா சுழி பாப்பாங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். நீ என் முந்தானையைப் பிடிச்சு இழுத்த. பேகம்பூர்ல ஒரு பெரிய பாய் மட்டும் உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தாரு. "உங்க பையன் முகத்தைப் பாத்தாலே தெரியுதும்மா. ஆனா மாடியில ஒத்த வழி, என் மருமக தனியா இருக்கும். நேரங்கெட்ட நேரத்துல டூட்டி முடிச்சு வந்தா அதுக்குத் தூக்கம் போயிரும். தப்பா நினைக்காதீங்க"ன்னாரு. இல்லைங்கிறதையும் இப்படிச் சொல்லலாம்ல. அந்த மனுசனை நான் தப்பா நினைக்கல.

அப்புறம்தான் நாகல்நகர். அந்த அம்மா தனியா இருந்துச்சு, புருசன் இல்ல, மகன் வெளிநாட்டுல. சொம்பு நிறையத் தண்ணி குடுத்துச்சு. மாடிக்குக் கூட்டிட்டுப் போய்ச் சமையக்கட்டைக் காட்டுச்சு. ஜன்னலைத் திறந்தா மலைக்கோட்டை தெரிஞ்சுச்சு. நீ அந்த ஜன்னல்கிட்ட நின்ன நிலையை நான் பாத்தேன். பிள்ளைக்கு இந்த வீடு பிடிச்சுப் போச்சுன்னு மனசு குளுந்துச்சு. அந்தம்மா சொன்னது நியாயமான பேச்சு. "எனக்கு அட்வான்ஸ்கூடப் பெருசில்லம்மா. நான் ஒத்தையா இருக்கேன். நாளைக்கு ஒண்ணுன்னா ஓடிப் போய்க் கேக்க இந்த ஊர்லயே ஒரு ஆள் வேணும். தெரிஞ்சவங்க ஒருத்தர் வந்து நம்ம பையன்தான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொந்தம் யாரும் இல்லையா இங்க?"

"எங்களுக்கு இந்த ஊர்ல யாரும் இல்ல"ன்னு நான் சொன்னேன்.

அந்தம்மா என் பொறந்த ஊரைக் கேட்டுச்சு. சொன்னேன். "அட, வாழைக்கா மண்டி வச்சிருக்காரே, அவரும் அந்த ஊர்தான். அடுத்த தெருவுலதான் வீடு. அந்த மூக்கு அப்பிடியே உங்க மூக்கு மாதிரி இருக்கு. உங்களுக்கு என்ன வேணும்?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சு. நான், "தெரியாது"ன்னேன். அந்தச் சிரிப்பு அப்பிடியே நின்னு போச்சு. என் மூஞ்சியையும் உன் மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்துச்சு. நீ தலையைக் குனிஞ்சுக்கிட்ட. அங்கதான் நம்ம குட்டு வெளிப்பட்டுச்சு. "யோசிச்சுச் சொல்றேன்"னு கீழ இறங்கிருச்சு. பொய் சொல்ற குடும்பம்னு நினைச்சிருக்கும். ஆனா அப்பு, நான் சொன்னது பொய்யில்ல. மூக்கு ஒண்ணா இருந்தா சொந்தமாயிருமா. திரும்பி வர்ற பஸ்ல காந்திகிராமம் தாண்டினப்ப, "அந்த ஜன்னல் நல்லா இருந்துச்சுல்ல"ன்னு மட்டும் சொன்ன. என்னைத் திட்டியிருக்கலாம். நீ திட்டாததுதான் இன்னும் நெஞ்சுல முள்ளா நிக்குது.

அந்த மண்டிக்காரனை, உன் மாமனை, வளத்தது யாருன்னு உனக்குத் தெரியும். எங்க ஆத்தா போனப்ப அவன் பால்குடி மறக்காத பய. என் இடுப்புலதான் இருந்தான். என் இடுப்பு ஒரு பக்கம் ஏறி இருக்குன்னு நீ சின்னதுல கேலி பண்ணுவியே, அவன் உக்காந்த இடம் அது. வளந்து பள்ளிக்கூடம் போற வயசுல ஒரு தோப்புக்குள்ள பூந்து இளநிக் குலையை வெட்டிட்டான். தோப்புக்காரர் பிடிச்சு மரத்துல கட்டி வச்சுட்டாரு. எங்கப்பன் அவமானத்துக்குப் பயந்து போகல. நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஓடினேன். நானே அப்ப சின்னப் பிள்ளைதான். "கட்டை அவுத்து விடுங்க. இவன் என் தம்பி. இனிமே இவன் தப்புப் பண்ணா என்னை வந்து கேளுங்க"ன்னேன். தோப்புக்காரருக்குச் சிரிப்பு வந்துருச்சு. "உன்னைக் கேட்டா நீ என்ன பண்ணுவ?"ன்னாரு. "என்னைக் கட்டி வைங்க"ன்னேன். அவுத்து விட்டுட்டாரு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அவன் என் விரலை விடவே இல்ல.

அந்தத் தம்பிதான் உன் அப்பா செத்த அன்னிக்கு வரல.

நீ பிந்திப் பொறந்த பிள்ளை, அப்ப நாலாவதுதான் படிச்ச. உனக்கு எது ஞாபகம் இருக்கோ தெரியாது, எனக்கு ஒண்ணு விடாம இருக்கு. உன் அப்பா மோட்டார் ரூம்ல கரண்டு அடிச்சு விழுந்தாரு. மறுநாள் காலையில திண்டுக்கல் மண்டபத்துல உன் மாமன் மகளுக்குக் கல்யாணம். பந்தக்கால் நட்டு, முளைப்பாரி போட்டு, பொண்ணு அழைப்பு நடந்துக்கிட்டு இருக்கு. சாவுச் சேதி காதுல விழுந்துட்டா அவனுக்குத் தீட்டு, தாலி கட்டுற இடத்துல நிக்க முடியாது. இது எனக்கும் தெரியும். ஆனா தாலி அறுக்கப் போற பொம்பளைக்குப் பொறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து தோள்ல விழணும், அப்புறம்தான் பிணத்தைத் தூக்கணும். அதுவும் எல்லாருக்கும் தெரியும். தாய்மாமனுக்குப் பெத்த பிள்ளையே போய்ச் சேதி சொன்னாத்தான் மரியாதைன்னு உன்னை உன் பெரியப்பா வண்டியில உக்கார வச்சு நான்தான் அனுப்பினேன்.

பொழுது சாயுற வரைக்கும் காத்திருந்தோம். வண்டிச் சத்தம் கேக்குறப்பெல்லாம் நான் நிமிந்து பாத்தேன். கடைசியில நீங்க ரெண்டு பேர் மட்டும் வந்தீக. "மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்காராம், ஆள் இல்லையாம்"னு உன் பெரியப்பா சொன்னாரு. உன் கையில ஒரு லட்டு இருந்துச்சு. "யாரு குடுத்தா?"ன்னேன். "மாமா குடுக்கச் சொன்னாராம்"ன்ன. "மாமாவைப் பாத்தியா?" "பாத்தேன். நெஞ்செல்லாம் சந்தனம் பூசியிருந்தாரு. என்னைப் பாத்துட்டு உள்ள போயிட்டாரு"ன்ன. அந்த லட்டை நீ திங்கவும் இல்ல, கீழ போடவும் இல்ல. சுடுகாட்டுக்குப் போய்க் கொள்ளி வைக்கிற வரைக்கும் கையிலேயே பிசுபிசுன்னு வச்சிருந்தியாம். உன் பெரியப்பாதான் சொன்னாரு.

பொறந்த வீடு இருந்தும் கோடி இல்லாதவளா நான் உக்காந்திருந்தேன். அப்பத்தான் எதித்த வீட்டுப் பேச்சியம்மா வந்தா. குழாயடியில எனக்கும் அவளுக்கும் எப்பவும் சண்டை, பேச்சுவார்த்தை கிடையாது. தீபாவளிக்கு எடுத்து மடிப்புக் கலையாம வச்சிருந்த சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை, கத்தரிப்பூ நிறம், அதை என் தோள் மேல போட்டா. "நானும் ஒரு பொறப்புத்தான்டி உனக்கு, எந்திரி"ன்னா. அதுக்கப்புறம்தான் உன் அப்பாவைத் தூக்குனாங்க. பதினாறாம் நாள் உன் மாமன் பட்டுச்சேலையோட வந்து வாசல்ல நின்னான். நான் கதவைத் திறக்கல. சேலையை வாசப்படியில வச்சுட்டுப் போயிட்டான். அதை எடுத்து நம்ம சோளக்கொல்லைப் பொம்மைக்குக் கட்டி விட்டேன். திண்டுக்கல் பஸ்ல போறவன் வர்றவன் எல்லாரும் பாக்கட்டும்னுதான் ரோட்டோரமா நட்டேன். வெயில்லயும் மழையிலயும் அது நைஞ்சு நாராப் போற வரைக்கும் நான் அவுக்கல. அதுக்காக நான் வருத்தப்படவும் இல்ல.

புதன்கிழமை நீ நேர்ல வந்த. நான் சோத்தைப் போட்டு வெஞ்சனத்தை வச்சுட்டுத் தள்ளி உக்காந்தேன். "அன்னிக்கு மண்டபத்துல அவன் உன்னைப் பாத்தானா இல்லையாடா?"ன்னேன். "பாத்தாரு." "அப்புறம் எப்பிடிரா அவன் கடைப் படி ஏறின?" நீ சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "பெஞ்சில படுக்க முடியலம்மா"ன்ன. நான் எந்திரிச்சு உன் தட்டுல இன்னொரு கரண்டி சோத்தைப் போட்டேன். "எனக்கு அந்த ஊர்ல வேற யாரும்மா இருக்கா?"ன்னும் கேட்ட. நான் அந்தம்மாகிட்டச் சொன்ன அதே பேச்சுத்தான். அங்க நான் வீறாப்பா சொன்னேன். நீ சொல்றப்ப அது அநாதைப் பிள்ளை பேசுற மாதிரி இருந்துச்சு. நான் உயிரோட எதித்தாப்புல உக்காந்திருக்கேன்.

நான் கேக்காமலே நீ சொன்ன. மண்டிக்குப் போய் நின்னியாம். யாருன்னு அவன் கேக்கலையாம். தூக்கிட்டு இருந்த வாழைத்தாரை இறக்கி வச்சுட்டு, "சாப்டியா"ன்னானாம். நீ விசயத்தைச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கிட்டு உன்கூடவே நடந்து வந்தானாம். அந்த வீட்டுக்காரம்மா அவன்கிட்ட, "அன்னைக்கு இவங்க அம்மா உங்களைத் தெரியாதுன்னுட்டாங்களே"ன்னு கேட்டுச்சாம். அதுக்கு அவன், "அது அப்பிடித்தான் சொல்லும். சொல்றதுக்கு அதுக்கு உரிமை இருக்கு"ன்னானாம். அப்புறம், "இவன் என் அக்கா மகன். இவன் ஏதாச்சும் தப்புப் பண்ணா என்னை வந்து கேளுங்க"ன்னானாம்.

அது என் வார்த்தை, அப்பு. தோப்புல நான் சொன்ன வார்த்தை. இத்தனை காலமா அவன் அதை எங்க வச்சிருந்தானோ. அதை எனக்குச் சொல்ல வேண்டிய நாள்ல சொல்லல. என் வாசல்ல ஊர் கூடி நின்னப்ப, இவ என் அக்கான்னு வந்து நிக்கல. யாரோ ஒரு வீட்டுக்காரம்மா முன்னால, வாடகை வீட்டுக்குச் சொல்லியிருக்கான். நீ போனதும் நான் அழுதேன். எதுக்கு அழுதேன்னு எனக்கே சரியாத் தெரியல. அவன் சொன்னதுக்கா, அன்னிக்குச் சொல்லாததுக்கா, இல்ல நீ அவனைக் கூட்டிட்டுப் போற அளவுக்கு நான் உன்னைத் தனியா விட்டுட்டதுக்கா. உன் அக்கா போன்ல, "அவரும் கிழவனாயிட்டாரும்மா, விடு"ங்கிறா. கிழவனாயிட்டா செஞ்சது அழிஞ்சு போகுமா. நானும்தான் கிழவியாயிட்டேன்.

வீடுன்னு ஆயிருச்சு, அதனால சொல்றேன், கேட்டுக்க. வாடகையை அந்தம்மா கேக்குறதுக்கு முன்னால குடு. கேக்க வச்சுட்டா அதுக்கப்புறம் நீ எப்பக் குடுத்தாலும் கடன் மாதிரித்தான் இருக்கும். சுவத்துல ஆணி அடிக்கிறதுன்னா ஒரு வார்த்தை கேட்டுட்டு அடி. ராத்திரி டூட்டி முடிச்சு வர்றப்பச் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் படியேறு. வயசான பொம்பளை தூக்கம் ஒருக்காக் கலைஞ்சா திரும்பி வராது, எனக்குத் தெரியும். மோட்டார் போடுற நேரத்தைக் கேட்டு வச்சுக்க. வந்த புதுசுல கருவாடு வறுக்காத, வீட்டுக்காரம்மா மூக்கு பழகட்டும். சிநேகிதக்காரன் எவனையும் தங்க வைக்காத. அந்தம்மாவுக்கு மேல் வலிச்சா மாத்திரை வாங்கிக் குடு, விலையைச் சொல்லாத. இன்னொண்ணையும் சொல்றேன். உனக்கு ஜாமீன் நின்னவன் தலை குனியிற மாதிரி ஒரு காரியமும் பண்ணாத. அவனைக் கண்டா ஆகாத நானே சொல்றேன். ஒருத்தன் உனக்காகத் தன் மூஞ்சியைக் கொண்டு போய் அடுத்தவ வாசல்ல அடகு வச்சிருக்கான். அதை மீட்டுக் குடுக்க வேண்டியது நீதான்.

வெள்ளிக்கிழமை நான் வரல. பால் காய்ச்சுற இடத்துல தாய்மாமன் நிப்பான், நிக்கணும், அதுதான் முறை. அவன் நிக்கிற கூரைக்குக் கீழ நான் நிக்க முடியாது. அந்த நேரத்துக்கு இங்க நான் தனியாப் பாலைக் காய்ச்சுவேன்னு நீயா எதையும் கற்பனை பண்ணிக்காத. நான் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போயிருவேன். பேச்சியம்மா மகன் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வர்றப்ப இந்தக் கடுதாசியோட கல்லுப்பு, மஞ்சள், ஒரு படி அரிசி குடுத்து விடுறேன். உப்பையும் மஞ்சளையும் முதல்ல உள்ள கொண்டு போ. பாலு கிழக்குப் பக்கம் பொங்கினா நல்லதும்பாங்க. எந்தப் பக்கம் பொங்குச்சுன்னு எனக்குப் போன் பண்ணிச் சொல்லு. போனைப் பானையிலருந்து எடுத்துட்டேன்.

கடைசியா ஒண்ணு. எனக்கும் வயசாச்சு, இதைச் சொல்ல வாத்தியார் வேண்டியதில்ல. ஒருநாள் நீ அந்த ஜன்னல்கிட்ட நிக்கிறப்ப உனக்குச் சேதி வரும். நீ ஓடிப் போய்ச் சொல்ற முதல் ஆள் உன் மாமனாத்தான் இருக்கும், அடுத்த தெருவுலதானே இருக்கான். இந்தத் தடவை அவன் வருவான். எந்தக் கல்யாணம் இருந்தாலும் விட்டுட்டு வருவான். கையில கோடியோட, எல்லாருக்கும் முன்னால வந்து நிப்பான். அவனை வாசல்ல மறிக்காத. உள்ள கூப்பிட்டுத் தலைமாட்டுல உக்கார வை, அழுதா அழட்டும். ஆனா அந்தச் சேலையை என் மேல போத்த விடாத. தகரப் பெட்டிக்கு அடியில பேச்சியம்மா போட்ட கத்தரிப்பூச் சேலை இருக்கு. அதைப் போத்து. ஏன்னு அவன் கேக்க மாட்டான். கேட்டா, "அது அப்பிடித்தான் சொல்லும்"னு சொல்லு.